சிஸ்டம் பூட் ஆகவில்லையா? பார்ட்டிஷன் கோளாறை எந்த வரிசையில் அணுகுவது: முழுமையான வழிகாட்டி

மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று ராமநாதபுரம் கரையோரத்தில் பூட் ஆகாத சிஸ்டம்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். வேலை பழக வரும் தம்பிகளுக்குக் கட்டளைகள் எல்லாம் மனப்பாடமாகத் தெரியும். எதை முதலில் செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்து வைத்த பகுதி) கெட்டதால் போன டேட்டாவைவிட, அதைச் சரிசெய்கிறேன் என்று முதல் பத்து நிமிடத்தில் டிஸ்கில் எதையோ எழுதியதால் போன டேட்டாவைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வரிசைதான்: முதலில் படிப்பது மட்டும், அடுத்து நகல் எடுப்பது, பிறகு நகலின் மேல் எழுதுவது. கட்டளைகளின் பெயரை உச்சரிப்பில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்ட வேண்டும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று பென் டிரைவ். ஒன்றில் விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் மீடியா. இதற்கு 8 ஜிபி வேண்டும். இன்னொன்றில் சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லைவ் லினக்ஸ் (பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்). மூன்றாவது காலியாக, நகல் எடுக்கும்போது கணக்குக் கோப்பை வைக்க. டெஸ்ட்டிஸ்க் (பார்ட்டிஷனைத் தேடி மீட்பது), டிடிரெஸ்க்யூ (நகல் எடுப்பது), ஜிபார்ட்டட் (பார்ட்டிஷனைக் காட்டி மாற்றுவது), ஸ்மார்ட் (டிஸ்க் தானே வைத்திருக்கும் உடல்நிலைக் குறிப்பு) பார்க்கும் கருவி எல்லாம் லைவ் லினக்ஸிலேயே இருப்பதால், பாம்பனில் சிக்னல் இல்லாத வீட்டில் உட்கார்ந்துகூட வேலை பார்க்கலாம்.

கெட்ட டிஸ்கைவிடப் பெரிய, காலியான டிஸ்க் ஒன்று. 500 ஜிபிக்கு 1 டிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதோடு டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் புதிய சாட்டா கேபிள், மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், ஒரு நோட்டு. யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

கடைசியாக, பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) சாவி. விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். அதற்கான 48 இலக்க ரெக்கவரி கீ பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு நிரல்) ஏதாவது மாற்றினால்கூட சிஸ்டம் அந்தக் கீயைக் கேட்கலாம். எனவே முதல் வேலையாக அவரிடம் போனில் அதை எடுக்கச் சொல்லுங்கள்.

2. திரையில் வரும் வரியை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள்

"ஏதோ கறுப்பா வந்துச்சுண்ணே" என்பது போதாது. ஒவ்வொரு வரியும் பூட் எந்தப் படியில் நின்றது என்று சொல்கிறது.

நோ பூட்டபிள் டிவைஸ் என்றால், பூட் செய்ய எதுவுமே பயாஸுக்குக் கிடைக்கவில்லை. டிஸ்கே தெரியாமல் இருக்கலாம், பூட் முறை மாறியிருக்கலாம், செருகி மறந்த பென் டிரைவாகவும் இருக்கலாம். யூஎஸ்பியில் இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பாருங்கள்.

இன்வேலிட் பார்ட்டிஷன் டேபிள் என்பது பழைய எம்பிஆர் முறையில் (டிஸ்கின் முதல் செக்டரிலேயே, அதாவது முதல் சிறு துண்டிலேயே, பார்ட்டிஷன் அட்டவணையை வைக்கும் முறை) வருவது. பெரும்பாலும் இரண்டு பார்ட்டிஷன்களுக்கு ஆக்டிவ் குறி (இதிலிருந்து பூட் செய் என்ற குறி) விழுந்திருக்கும். மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்றால் பார்ட்டிஷன் அட்டவணை காட்டிய இடத்தில் சரியான பூட் செக்டர் (பூட்டைத் தொடரும் நிரல் இருக்கும் துண்டு) இல்லை. பூட்மேனேஜர் இஸ் மிஸ்ஸிங் என்பது ஒருவகையில் நல்ல செய்தி. அட்டவணையும் பூட் செக்டரும் வேலை செய்கின்றன, அந்த ஒரு கோப்பு மட்டும் அங்கே இல்லை. யாரோ சி டிரைவுக்கு ஆக்டிவ் குறி போட்டிருந்தாலும் இதே வரிதான் வரும்.

கிரப் ரெஸ்க்யூ என்று நின்றால் லினக்ஸ் பூட்லோடர் தன் பார்ட்டிஷனைத் தேடுகிறது. விண்டோஸ் லோகோ வரை வந்து நீலத்திரையில் இனாக்ஸசிபிள் பூட் டிவைஸ் என்றால், பார்ட்டிஷனைச் சந்தேகிக்கும் முன் அடுத்த படியைப் பாருங்கள்.

3. டிஸ்கைத் தொடும் முன் பேட்டரியும் கேபிளும்

நம் கரையில் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் ஐஸ் கம்பெனி, மீன் கம்பெனி கணக்கு சிஸ்டம்கள் பல, பிளக்கைப் பிடுங்கிய நிலையில் உப்புக்காற்றிலேயே கிடக்கும். மெயின் கரண்ட் இல்லாதபோது மதர்போர்டு அமைப்புகளைக் காப்பது அந்த 3 வோல்ட் பேட்டரிதான். அது இறங்கினால் பயாஸ் அமைப்புகள் கம்பெனி நிலைக்குத் திரும்பிவிடும்.

அப்போது இரண்டு விஷயம் மாறக்கூடும். ஒன்று, சாட்டா முறை, அதாவது மதர்போர்டு டிஸ்கோடு பேசும் விதம்: ஏஎச்சிஐ என்று இருந்தது ரெய்டு என்றோ ஐடிஇ என்றோ மாறும். விண்டோஸ் தனக்குப் பழகிய டிரைவரோடு டிஸ்கைத் தேடி, கிடைக்காமல் நீலத்திரையில் நிற்கும். இரண்டு, பூட் முறை: லெகசி (பழைய முறை) என்று இருந்தது யூஇஎஃப்ஐ (புதிய முறை) ஆகும். டிஸ்க் முழு ஆரோக்கியமாக இருந்தும் நோ பூட்டபிள் டிவைஸ் வரும்.

மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனி சிஸ்டம். தடைக்காலம் முடிந்த வாரம், பார்ட்டிஷன் போய்விட்டது, ஃபார்மட் செய்துகொடுங்கள் என்று கொண்டுவந்தார்கள். பயாஸில் தேதி பல வருடம் பின்னால் நின்றது. பேட்டரியை மாற்றி, சாட்டா முறையை ஏஎச்சிஐக்குத் திருப்பியதும் பூட் ஆகிவிட்டது. ஃபார்மட் செய்திருந்தால் மூன்று வருடக் கணக்கு போயிருக்கும். தேதி தவறாக இருந்தால் முதலில் பேட்டரியைத்தான் பாருங்கள். மீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுகிறேன். எந்த அமைப்பை மாற்றும் முன்பும் பழையதை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கேபிள். கரண்டைத் துண்டித்து, சாட்டா முனைகளை வெளிச்சத்தில் பாருங்கள். பச்சை பூத்திருந்தாலோ கறுத்திருந்தாலோ ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு புதிய கேபிளை வேறொரு போர்ட்டில் போடுங்கள். இது ஐந்து நிமிட வேலை.

பயாஸில் டிஸ்கின் பெயரும் அளவும் சரியாகத் தெரிந்தால்தான் மேலே போக வேண்டும். பெயரே தெரியவில்லை என்றாலோ, டிஸ்கிலிருந்து டக் டக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தாலோ ஆஃப் செய்து நிறுத்திவிடுங்கள். அது உள்ளே ஹெட் அடிபட்ட சத்தம். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கும். தூசியற்ற அறை வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி நிலையத்துக்குத்தான் அது போக வேண்டும். இதை உரிமையாளரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

4. டிஸ்கின் உடல்நிலை

லைவ் லினக்ஸில் பூட் செய்து ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். மேலே "பாஸ்டு" என்று வருவதை நம்ப வேண்டாம். சாகும் நிலையிலுள்ள டிஸ்கும் பாஸ் ஆகும். நான்கு எண்களின் ரா மதிப்பை (ரா என்ற பத்தியில் வரும் நேர் எண்ணிக்கை) பாருங்கள்.

5 என்பது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்கள். 198, சரிசெய்ய முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருப்பது நல்லது. 197 பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் பார்ட்டிஷன் கெட்டதற்கே அதுதான் காரணமாக இருக்கலாம். இந்த டிஸ்கில் எந்தப் பழுதும் பார்க்காமல் நகலுக்குப் போங்கள்.

199 கேபிள் வழியில் ஏற்பட்ட பிழைகளின் எண்ணிக்கை. இது ஏறினால் இறங்காது. எனவே எண்ணைக் குறித்துக்கொண்டு, கேபிளை மாற்றிய பிறகும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் குற்றவாளி கேபிள்தான்.

இந்த நான்கும் சாட்டா டிஸ்குகளுக்கு. என்விஎம்இ எஸ்எஸ்டியில் (சாட்டா கேபிள் இல்லாத வேகமான வகை) பட்டியல் வேறு மாதிரி வரும். அதில் மீடியா எரர் எண்ணிக்கையைப் பாருங்கள்.

5. நகல் எடுக்காமல் ஒரு எழுத்தும் எழுதாதீர்கள்

தம்பிகள் அதிகம் சலித்துக்கொள்வதும் இங்கேதான், அதிகம் தவறுவதும் இங்கேதான். ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டுமே என்று தோன்றும். ஆனால் நகல் இருந்தால் அடுத்த படிகளில் எந்தத் தவறு செய்தாலும் திரும்பி வரலாம்.

டிடிரெஸ்க்யூவைத்தான் பயன்படுத்துகிறேன். சாதாரண நகல் கருவி கெட்ட செக்டரில் மோதி நின்றுவிடும். இது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கும். டிஸ்க் பாதியில் செத்தாலும் பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும்.

கட்டளையில் முதலில் வருவது மூலம், அடுத்து வருவது நகல், மூன்றாவது மேப் கோப்பு. முதல் சுற்றில் என் என்ற ஆப்ஷன், கெட்ட இடங்களைச் சுரண்டாமல் தாண்டிப்போகச் சொல்வது. டிஸ்கின் மேல் எழுத அனுமதிப்பது எஃப் ஆப்ஷன். இரண்டாம் சுற்றில் என் இல்லாமல், ஆர்3 சேர்த்து, விட்டுப்போனதை மூன்று முறை முயலச் சொல்லுங்கள்.

மேப் கோப்பை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். எதுவரை நகல் ஆனது என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. லைவ் லினக்ஸின் டெஸ்க்டாப்பில் வைத்தால் அது ராமில் (தற்காலிக நினைவகத்தில்) இருக்கும். கரண்ட் போனதும் காணாமல் போகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். தனிப் பென் டிரைவில் வையுங்கள். ஆடிக்காற்றில் லைன் போய் வரும் நாளில் இந்த ஒரு பழக்கம் எனக்குப் பல இரவுகளை மிச்சப்படுத்தியிருக்கிறது.

மூலமும் நகலும் இடம் மாறினால் காலி டிஸ்க் நல்ல டேட்டாவின் மேல் எழுதப்படும். அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைத் திரையில் வருவதோடு ஒப்பிட்டு, நோட்டில் எழுதி, பிறகு என்டர் தட்டுங்கள்.

கெட்ட டிஸ்கை விண்டோஸ் சிஸ்டத்தில் செருகினால் "ஃபார்மட் செய்யட்டுமா", "இனிஷியலைஸ் செய்யட்டுமா" என்று பெட்டி வரும். கேன்சல்தான் பதில். எஸ்எஸ்டி என்றால் இன்னும் கவனம்: ஃபார்மட் செய்ததும் ட்ரிம் என்ற உத்தரவு போய், பழைய டேட்டாவை டிஸ்கே துடைத்துவிடும். ஹார்டு டிஸ்கில் கிடைக்கும் இரண்டாம் வாய்ப்பு எஸ்எஸ்டியில் பெரும்பாலும் கிடைக்காது.

நகல் முடிந்ததும் மூல டிஸ்கைக் கழற்றி ஓரமாக வையுங்கள். இரண்டும் ஒரே அடையாள எண்ணைச் சுமப்பதால், சேர்த்துச் செருகினால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும். இனி எல்லா வேலையும் நகலில்தான்.

6. அட்டவணையைப் படியுங்கள்

விண்டோஸ் பென் டிரைவில் பூட் செய்து, முதல் திரை வந்ததும் ஷிஃப்ட்டோடு எஃப் 10 அழுத்தினால் கட்டளைத் திரை வரும். டிஸ்க்பார்ட் என்று தட்டி, லிஸ்ட் டிஸ்க் கொடுங்கள். ஜிபிடி என்ற பத்தியில் நட்சத்திரம் இருந்தால் அது ஜிபிடி (புதிய அட்டவணை முறை) டிஸ்க், இல்லாவிட்டால் எம்பிஆர்.

இது ஏன் முதல் கேள்வி? எம்பிஆரில் 512 பைட் கொண்ட முதல் செக்டருக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது: பூட் நிரலுக்கு 446 பைட், நான்கு பார்ட்டிஷன் வரிகளுக்கு 64 பைட், முடிவில் 2 பைட் முத்திரை. அந்த ஒரு செக்டர் போனால் அட்டவணையே போயிற்று. ஜிபிடி தன் அட்டவணையின் பிரதி ஒன்றை டிஸ்கின் கடைசியிலும் வைத்திருக்கிறது. மீட்கும் வழி இரண்டுக்கும் வேறு. விண்டோஸைப் பொறுத்தவரை ஜிபிடி டிஸ்க் யூஇஎஃப்ஐ முறையில்தான் பூட் ஆகும், எம்பிஆர் டிஸ்க் லெகசி முறையில்தான்.

அடுத்து செலக்ட் டிஸ்க் கொடுத்து, லிஸ்ட் பார்ட்டிஷன், லிஸ்ட் வால்யூம் பாருங்கள். ஜிபிடியில் வழக்கமாக 100 எம்பி அளவில் ஃபேட்32 சிஸ்டம் பார்ட்டிஷன், 16 எம்பி ரிசர்வ்டு, விண்டோஸ் இருக்கும் பெரிய என்டிஎஃப்எஸ், சில நூறு எம்பி ரெக்கவரி இருக்கும். இந்தத் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். சி என்பது விண்டோஸாக இல்லாமல் போகலாம். எழுத்தை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள்.

டிஸ்க்பார்ட்டில் ஒரு கட்டளையும் "நிச்சயமா?" என்று கேட்காது. கீழக்கரையில் ஒரு ஸ்டூடியோவில், பென் டிரைவைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு தம்பி டிஸ்க் 0வைத் தேர்ந்து கிளீன் தட்டிவிட்டார். டிஸ்க் 0வில் அந்த மாதக் கல்யாணப் படங்கள் அத்தனையும் இருந்தன. "காக்கா (அண்ணே), எல்லாம் போச்சு" என்று கை நடுங்க எனக்கு போன் செய்தார். கிளீன் அட்டவணைப் பகுதியைத்தான் துடைக்கும், படங்களைத் தொடாது. அதன்பின் அவர் எதுவும் எழுதாமல் ஆஃப் செய்திருந்ததால் அடுத்த படியில் எல்லாம் வந்துவிட்டது. டிஸ்க் முழுவதையும் துடைக்கும் கிளீன் ஆல் தட்டியிருந்தால் வராது.

பார்த்த பிறகு எங்கே போவது? பார்ட்டிஷன்கள் காணோம் என்றால் 7. இருக்கின்றன, ஆனால் ரா (விண்டோஸுக்கு உள்ளே இருப்பது புரியவில்லை) என்று காட்டுகின்றன என்றால் 8. எல்லாம் சரியாக இருந்தும் பூட் ஆகவில்லை என்றால் 9.

7. காணாமல் போன பார்ட்டிஷனை மீட்பது

ஜிபிடியில் முன்பக்க அட்டவணை மட்டும் கெட்டிருந்தால் வேலை சுலபம். லைவ் லினக்ஸில் ஜிடிஸ்க் (ஜிபிடி அட்டவணையைத் திருத்தும் கருவி) திறந்து, ஆர் தட்டி ரெக்கவரி மெனுவுக்குப் போய், பி (பேக்கப்பின் முதல் எழுத்து) தட்டினால் பின்பக்கத் தலைப்பையும், சி தட்டினால் பின்பக்க அட்டவணையையும் எடுத்துக்கொள்ளும். வி தட்டிச் சரிபார்த்து, பி-யால் பட்டியலை ஒருமுறை கண்ணால் பார்த்து, டபிள்யூவால் எழுதுங்கள். பட்டியலைக் காட்டும் பி வேறு எழுத்து, பிரிண்டின் முதல் எழுத்து. இந்த இரண்டையும் குழப்புவது சகஜம்.

நகல் டிஸ்க் பெரியதாக இருந்தால் பின்பக்கப் பிரதி டிஸ்கின் முடிவில் இருக்காது, பழைய அளவு முடிந்த இடத்தில் நிற்கும். ஜிபார்ட்டட் இதைச் சொல்லி ஃபிக்ஸ் கேட்கும். முன்பக்க அட்டவணை சரியாக இருந்தால் ஒப்புக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் கிடைக்கவில்லை என்றால் ஜிடிஸ்கை விட்டுவிடுங்கள்.

இரு பக்கமும் போயிருந்தாலோ, எம்பிஆராக இருந்தாலோ டெஸ்ட்டிஸ்க். டிஸ்கைத் தேர்ந்ததும் அட்டவணை வகையைக் கேட்கும். அதுவே ஊகித்துக் காட்டும், ஆனால் அட்டவணை அழிந்திருந்தால் ஊகம் தவறலாம். சிஸ்டம் எந்த முறையில் ஓடியது என்று தெரிந்தால் அதன்படி இன்டெல் (எம்பிஆருக்கு) அல்லது ஈஎஃப்ஐ ஜிபிடி தேர்ந்தெடுங்கள். பிறகு அனலைஸ், குயிக் சர்ச்.

கண்டுபிடித்த பார்ட்டிஷன் ஒவ்வொன்றின் மேலும் நின்று பிரிண்டின் முதல் எழுத்தைத் தட்டுங்கள். உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் தெரிந்தால் அது உண்மையான பார்ட்டிஷன். தெரியாவிட்டால், எப்போதோ அழித்த பழைய பார்ட்டிஷனின் சுவடாக இருக்கலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் ரைட் கொடுப்பதுதான் புதியவர்களின் பெரிய தவறு. ஃபோல்டர் தெரியும்போதே முக்கியமானவற்றைத் தேர்ந்து வேறு டிஸ்குக்கு நகல் எடுத்துவிடுங்கள். அட்டவணையை எழுதாமலே டேட்டா கைக்கு வந்துவிடும். குயிக் சர்ச்சில் வராததற்கு டீப்பர் சர்ச். எல்லாம் சரி என்ற பிறகே ரைட், அதன்பின் ரீபூட்.

8. ரா என்று காட்டினால்

முதலில் அது பிட்லாக்கர் பூட்டா என்று பாருங்கள். பூட்டிய டிரைவ் இந்தத் திரையில் கெட்டதைப் போலவே தெரியும். மேனேஜ் பிடிஇ கட்டளையில் 48 இலக்கக் கீயைக் கொடுத்துத் திறந்தால், கோளாறே இல்லை என்று தெரியவரலாம்.

பூட்டு இல்லை என்றால், என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டரின் பிரதியைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் வைத்திருக்கிறது. டெஸ்ட்டிஸ்கில் அட்வான்ஸ்டு, பூட் என்று போனால் இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லும். பிரதி மட்டும் நன்றாக இருந்தால் பேக்கப் பிஎஸ் கொடுங்கள்.

இதற்குப் பிறகுதான் செக்டிஸ்க் (விண்டோஸின் பிழை திருத்தும் கட்டளை), அதுவும் எஃப் ஆப்ஷனோடு மட்டும். ஆர் ஆப்ஷன் டிஸ்க் முழுவதையும் செக்டர் செக்டராகப் படிக்கும். நலிந்த மூல டிஸ்கில் அதை ஓட்டினால் மிச்சமிருக்கும் உயிரும் போகும். செக்டிஸ்க் தனக்குப் புரியாத கோப்புகளின் தொடர்பை வெட்டிவிட்டு ஒழுங்கு செய்யும். உங்கள் டேட்டாவைக் காப்பது அதன் வேலை இல்லை. நகலில் மட்டும் ஓட்டச் சொல்வது அதனால்தான்.

9. பூட் கோப்புகளைத் திரும்ப எழுதுவது

ஃபைல் சிஸ்டம் சரியான பிறகே இந்தப் படி. கெட்ட தரையில் எழுதியது நிற்காது. பென் டிரைவையும் டிஸ்கின் முறையிலேயே பூட் செய்திருக்க வேண்டும். பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியும், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும். ஜிபிடி டிஸ்குக்கு அதைத் தேர்ந்தெடுங்கள்.

யூஇஎஃப்ஐ சிஸ்டத்தில் பூட்ரெக் என்ற பூட் பழுதுக் கட்டளையை விட்டுவிடுங்கள். அதன் ஃபிக்ஸ்எம்பிஆரால் அங்கே பயனில்லை. ஃபிக்ஸ்பூட் பல சமயம் ஆக்சஸ் டினைடு என்று நிற்கும், அதைப் பார்த்துப் பலர் விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யப் போய்விடுகிறார்கள். டிஸ்க்பார்ட்டில் ஃபேட்32 வால்யூமைத் தேர்ந்து, அசைன் மூலம் எஸ் என்ற எழுத்தைக் கொடுத்து வெளியே வாருங்கள். பிறகு பூட் கோப்புகளை எழுதும் பிசிடிபூட்டுக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள்: விண்டோஸ் ஃபோல்டர் எங்கே இருக்கிறது; எஸ் சுவிட்சில் கோப்புகள் எந்த டிரைவுக்குப் போக வேண்டும்; எஃப் சுவிட்சில் யூஇஎஃப்ஐ. வெற்றிகரமாக உருவாக்கப்பட்டன என்ற வரி வந்தால் முடிந்தது.

எம்பிஆரில் முதலில் ஆக்டிவ் குறியைச் சரிபாருங்கள். சிஸ்டம் ரிசர்வ்டு என்ற சிறிய பார்ட்டிஷன் இருந்தால் குறி அதற்கு மட்டும். தவறாகக் குறியிட்டதை இன்ஆக்டிவ் கொடுத்து எடுங்கள். பிறகு பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர். இது பூட் நிரலை மட்டும் எழுதும், அட்டவணையைத் தொடாது. லினக்ஸும் சேர்ந்திருக்கும் டிஸ்க் என்றால் கிரப் அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். கடைசியில் அதே பிசிடிபூட், எஃப் சுவிட்சில் பயாஸ் என்று.

10. கிரப் ரெஸ்க்யூ

விண்டோஸில் ஒரு பார்ட்டிஷனை அழித்ததாலோ புதிதாகச் சேர்த்ததாலோ எண் மாறினால் இது வரும். எல்எஸ் தட்டினால் பார்ட்டிஷன்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் பூட், கிரப் ஃபோல்டர் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்ததை ரூட், ப்ரீஃபிக்ஸ் இரண்டுக்கும் செட் மூலம் கொடுத்து, இன்ஸ்மாட் நார்மல், பிறகு நார்மல் தட்டுங்கள். மெனு வந்துவிடும்.

இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். லினக்ஸ் உள்ளே போனதும் கிரப் இன்ஸ்டால், அப்டேட் கிரப் இரண்டையும் ஓட்டாவிட்டால் அடுத்த முறை அதே திரையில் நிற்பீர்கள். லெகசி முறையில் கிரப் இன்ஸ்டால் கொடுக்கும்போது முழு டிஸ்கின் பெயரைக் கொடுங்கள், பார்ட்டிஷன் எண்ணை அல்ல.

11. முதல் பூட்டும் ஒப்படைப்பும்

சரிசெய்த நகல் டிஸ்க் மட்டும் செருகியிருக்கட்டும். பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வைத்து, தேதியைச் சரிபார்த்து ஆன் செய்யுங்கள். ஒருமுறை பூட் ஆனால் போதாது. முழுக்க ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பேட்டரி அல்லது அமைப்பில் மிச்சக் கோளாறு இருந்தால் இப்போது உங்கள் மேசையிலேயே தெரிந்துவிடும்.

லிஸ்ட் பார்ட்டிஷன் திரையைப் போட்டோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவைக்கிறேன். அடுத்த முறை யார் பழுது பார்த்தாலும் பழைய அளவுகள் கையில் இருக்கும்.

பழைய டிஸ்கை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு போட்டு, தேதியும் "ஃபார்மட் செய்யாதே" என்றும் எழுதி, அவரிடமே கொடுங்கள். ஒரு மாதம் தன் கணக்கு, படங்கள், டேலி கோப்புகள் எல்லாவற்றையும் அவர் திறந்து பார்த்து, எல்லாம் இருக்கிறது என்று சொல்லும் வரை அந்த டிஸ்கை வேறு எதற்கும் எடுக்க வேண்டாம்.